வளியிலிருந்து வல்லொளி: உயராற்றல் வாயு லேசர்களும் அறிவியல் தமிழும்



இம்மன்றத்தின் பொதுச் சொற்பொழிவுத் தொடரில் மொழியியல் பயின்ற ஒருவர் லேசரைப் பற்றிப் பேச வருவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இயற்பியலாருக்குப் பாடம் சொல்வது என் நோக்கமன்று. ஓர் ஆய்வுத்துறை பிறந்து, விரைந்து வளர்ந்து, ஒரு பக்கம் தளர்ந்து, மறுபக்கம் தழைத்த வரலாறு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குள் அடங்கியிருக்கிறது. அந்த வரலாற்றைக் காரண காரியத் தொடர்போடு, தொடக்கம் முதல் முடிவுவரை, தமிழிலேயே சொல்லிவிட முடியுமா? இதுவே என் முன் நிற்கும் கேள்வி. கலைச்சொற் பட்டியல்கள் நம்மிடம் நிறைய உள்ளன. ஆனால், ஒரு செயல் ஏன் நிகழ்கிறது என்பதை ஒரு மொழியில் விளக்கிக் காட்டும்போதுதான் அது அறிவியல் மொழியாகிறது. அந்தச் சோதனைக்கு உயராற்றல் வாயு லேசர்களை இன்று எடுத்துக்கொள்கிறேன்.

லேசர் என்னும் சொல்

முதலில் சொல்லைப் பார்ப்போம். 1957 நவம்பரில் கோர்டன் கூல்டு என்னும் அமெரிக்க ஆய்வாளர் தம் குறிப்பேட்டில் ‘லேசர்’ என்ற சொல்லை எழுதி வைத்தார். ‘கதிர்வீச்சின் தூண்டிய உமிழ்வால் ஒளியைப் பெருக்குதல்’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் சேர்ந்தே அச்சொல் பிறந்தது. பிறந்த சில ஆண்டுகளிலேயே அது முதலெழுத்துச் சுருக்கம் என்பதை ஆங்கிலம் பேசுவோர் மறந்தனர். அதன் இறுதியிலுள்ள ‘அர்’ ஒலியை வினைமுதல் விகுதி எனக் கருதி, ‘லேஸ்’ என்ற புதிய வினைச்சொல்லையும் அதிலிருந்து பிரித்தெடுத்தனர். ஒரு சொல் ஒரு மொழியில் வேரூன்றிவிட்டது என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

தமிழ் மரபில் லகரம் மொழிக்கு முதலில் வராது. ஆகவே ‘இலேசர்’ என எழுதுவோர் உண்டு. ‘சீரொளி’ என்ற ஆக்கமும் வழக்கில் உள்ளது. அலைகள் ஒன்றோடொன்று இசைந்து சீராகச் செல்லும் ஒளி என்ற பொருளில் அது நல்ல சொல்லே. எனினும் கண் மருத்துவமனை முதல் அச்சுப்பொறிக் கடைவரை மக்கள் நாவில் நிற்பது ‘லேசர்’ என்பதால், இவ்வுரையில் அதையே ஆள்கிறேன். பிறமொழிச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப ஏற்றுக்கொள்ளத் தொல்காப்பியம் எச்சவியலிலேயே வழி வகுத்திருக்கிறது என்பதை ஆசிரியர்கள் அறிவீர்கள்.

அடுத்தது ‘வாயு’. ஆங்கிலத்தில் வழங்கும் ‘கேஸ்’ என்ற சொல்லை 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்னும் பிளெமிய அறிஞர் ஆக்கினார்; ஒழுங்கற்ற பெருவெளியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அதற்கு மூலம். தமிழில் வாயு வடமொழிவழி வந்தது. வளி பழந்தமிழ்ச் சொல். திண்மம், நீர்மம் என்ற ஆக்கங்களோடு ஒப்புமை நோக்கி ‘வளிமம்’ அமைந்தது. நம் வட்டாரப் பள்ளி வழக்கில் வாயுவே பரவலாக இருப்பதால் அதுவே இங்கு இடம்பெறும். ஒழுங்கின்மையின் பெயரைத் தாங்கிய ஒரு பொருளிலிருந்து மிக ஒழுங்கான ஒளியை மனிதர் எவ்வாறு பெற்றனர் என்பதை இனிக் காண்போம்.

வாயு ஒளிர்ந்த விதம்

ஓர் அணுவோ மூலக்கூறோ ஆற்றலைப் பெற்று மேல்நிலைக்கு ஏறும். பின் அதை ஒளியாக உமிழ்ந்து கீழிறங்கும். தானாக இறங்குவது ஒரு வகை. அதே நிறமுள்ள மற்றோர் ஒளித்துகள் அருகில் வந்து தூண்ட, அதனோடு இசைந்த ஒளியை உமிழ்ந்து இறங்குவது மற்றொரு வகை. இந்த இரண்டாம் வகையை 1917இல் ஐன்ஸ்டைன் கோட்பாட்டு அளவில் எடுத்துக்காட்டினார். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி ஒளி பெருக வேண்டுமானால், கீழ்நிலையில் இருப்பவற்றைவிட மேல்நிலையில் இருப்பவை மிகுதியாக இருக்க வேண்டும். இயற்கையில் நிலைமை நேர்மாறானது. ஆகவே லேசர் ஆய்வு என்பது, கீழே இருக்க வேண்டியதை மேலே நிறுத்தி வைப்பதற்கான வழிகளைத் தேடிய வரலாறே எனலாம்.

1960 மே மாதத்தில் தியோடர் மைமன் மாணிக்கக் கல்லைக் கொண்டு முதல் லேசரை இயக்கினார். அவ்வாண்டு டிசம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தில் அலி ஜவான், பென்னட், ஹெரியட் ஆகியோர் ஹீலியம், நியான் வாயுக்களின் கலவையில் மின்சாரம் பாய்ச்சி முதல் வாயு லேசரை உருவாக்கினர். இடைவிடாது ஒளி தந்த முதல் லேசரும் அதுவே. ஆனால் அதன் ஒளி மிக மெல்லியது. உள்ளே செலுத்திய மின்னாற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஒளியாக வெளிவரவில்லை.

நிலைமையை மாற்றியவர் குமார் படேல். மகாராட்டிர மாநிலத்துப் பாராமதியில் பிறந்து, புனேயில் பொறியியல் பயின்று, ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்று, பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தவர் அவர். 1964இல் அவர் கார்பன் டை ஆக்சைடைத் தேர்ந்தெடுத்தார். கரிவளி என்றும் கரியமில வாயு என்றும் நம் பாடநூல்களில் வழங்குவது அதுவே. இதில் ஒளி பிறப்பது மூலக்கூறின் அதிர்வுநிலைகளுக்கிடையே. அந்நிலைகள் தரைமட்டத்துக்கு அருகில் இருப்பதால், ஏற்றுவதற்குச் செலவாகும் ஆற்றலில் பெரும்பங்கு ஒளியாகத் திரும்பக் கிடைக்கிறது. அத்துடன் நைட்ரஜனையும் கலந்தார். நைட்ரஜன் மூலக்கூறு மின்னிறக்கத்தில் எளிதாக அதிரத் தொடங்கும். ஆனால் அந்த அதிர்வை ஒளியாக வெளியிடும் வழி அதற்கு இல்லை. தான் உண்ணாமல் காத்து வைத்ததைக் கார்பன் டை ஆக்சைடுடன் மோதும்போது அப்படியே கையளித்துவிடுகிறது. இரண்டின் ஆற்றல்நிலைகளும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருப்பதே இதற்குக் காரணம். ஹீலியமும் சேர்ந்தபின், செலுத்திய ஆற்றலில் 10 முதல் 20 விழுக்காடுவரை ஒளியாகக் கிடைத்தது. 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளங்கொண்ட, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி அது.

1967இல் இங்கிலாந்தில் பீட்டர் ஹௌல்ட்கிராஃப்ட் 300 வாட் கார்பன் டை ஆக்சைடு லேசருடன் ஆக்சிஜன் தாரையையும் சேர்த்து ஒரு மில்லிமீட்டர் எஃகுத் தகட்டை வெட்டிக் காட்டினார். ஒளியால் உலோகத்தை அறுக்கும் தொழில் அன்று தொடங்கியது.

வெப்பம் என்னும் தடை

ஆற்றலை மேலும் உயர்த்த முயன்றபோது ஒரு தடை எழுந்தது. ஒளியாக மாறாத எஞ்சிய ஆற்றல் வாயுவைச் சூடாக்குகிறது. சூடேறிய வாயுவில் கீழ்நிலையும் நிரம்பிவிடுகிறது. மேல்நிலையின் மிகுதி குலைந்து, ஒளி மங்கிவிடுகிறது. குழாயின் சுவர்வழியே மட்டும் வெப்பம் வெளியேற வேண்டியிருந்ததால், குழாயை நீட்டினாலன்றி வலிமை கூடவில்லை. இத்தடையைக் கடக்க மூன்று வழிகள் பிறந்தன. உயராற்றல் வாயு லேசர்களின் வரலாறு இம்மூன்று வழிகளின் வரலாறுதான்.

முதல் வழி, வாயுவை ஓடவிடுவது. சூடேறிய வாயுவை அகற்றிப் புது வாயுவை விரைந்து கொணர்ந்தால் வெப்பமும் அதனுடன் போய்விடும். இக்கருத்தின் உச்சநிலையே வாயு இயக்கவியல் லேசர். விரைந்து குளிர்விப்பதால் மேல்நிலை மிகுதியைப் பெறலாம் என்று சோவியத் ஒன்றியத்தில் பாசோவும் ஒரயேவ்ஸ்கியும் 1963இல் முன்மொழிந்தனர். பின்னர்க் கொன்யுகோவும் புரோகொரோவும் இதை விரித்துரைத்தனர். அமெரிக்காவில் ஆவ்கோ எவரெட் ஆய்வுக்கூடத்தில் ஆர்தர் காண்ட்ரோவிட்ஸ் குழுவினர் 1966இல் இதை இயக்கிக் காட்டினர். எரிபொருளை எரித்துப் பெற்ற சூடான வாயுவை, ராக்கெட்டில் இருப்பது போன்ற பீச்சுகுழல் வழியாக ஒலியினும் விரைவாகப் பாயவிட்டனர். வாயு விரிந்து, நொடிப்பொழுதில் குளிர்கிறது. நிகழ்ச்சி முடிந்த அரங்கில் கதவுகள் திறந்தவுடன் கீழ்த்தளத்தார் சட்டென வெளியேறிவிட, மேல்மாடத்தார் சிறிது நேரம் அங்கேயே இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அதுபோலவே கீழ்நிலை விரைந்து காலியாகிறது. மேல்நிலை சற்றே தங்குகிறது. அந்தச் சிறு இடைவேளையில் ஒளியைக் கறந்துவிட வேண்டும். பல ஆயிரம் வாட் அளவிலான ஒளி இவ்வாறு கிடைத்தது. இராணுவ இரகசியமாக வைக்கப்பட்டிருந்த இது 1970இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது.

இரண்டாம் வழி, சூடேறும் முன்பே வேலையை முடித்துவிடுவது. கனடாவின் வால்கார்ட்டியே ஆய்வுநிலையத்தில் ஜாக் போலியூ என்பவர், நீளவாக்கில் பாய்ந்த மின்சாரத்தைக் குறுக்குவாட்டில் பாய்ச்சினார். மின்முனைகளுக்கிடையே தொலைவு குறைந்ததால், இயல்பான வளிமண்டல அழுத்தத்திலேயே வாயுவை இயக்க முடிந்தது. அடர்ந்த வாயுவிலிருந்து மிகக் குறுகிய நேரத்துக்கு மிக வலிய துடிப்பு வெளிவந்தது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து இதை ‘டீ லேசர்’ என்பர். நாம் அருந்தும் தேநீருக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதை மாணவர்களுக்கு நினைவூட்டுவது நல்லது.

மூன்றாம் வழி, வேதிவினையையே விளக்காக்குவது. 1965இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் காஸ்பர், பிமென்டல் ஆகிய இருவரும் ஹைட்ரஜனும் குளோரினும் வினைபுரிந்து உருவாகும் ஹைட்ரஜன் குளோரைடு, பிறக்கும்போதே மேல்நிலையில் பிறப்பதைப் பயன்படுத்தி லேசர் ஒளி பெற்றனர். பின்னர் ஃபுளோரின் வந்தது. ஹைட்ரஜன் ஃபுளோரைடின் ஒளியை வளிமண்டல ஈரம் விழுங்கிவிடுவதால், ஹைட்ரஜனுக்கு மாற்றாக அதன் கனத்த உடன்பிறப்பான டியூட்டீரியத்தைப் பயன்படுத்தினர். 1977இல் நியூ மெக்சிகோவில் அமெரிக்க வான்படையின் ஆய்வுக்கூடத்தில் ஆக்சிஜன்–அயோடின் லேசர் உருவானது. ஹைட்ரஜன் பெராக்சைடும் குளோரினும் வினைபுரிந்து தரும் கிளர்வுற்ற ஆக்சிஜன், தன் ஆற்றலை அயோடின் அணுக்களுக்கு அளிக்கும் முறை அது.

ஆற்றலும் திறனும்

இவ்விடத்தில் ஒரு சொல்லாய்வு இன்றியமையாதது. அன்றாடத் தமிழில் சக்தி, ஆற்றல், திறன், வலிமை ஆகியவற்றை ஒன்றுக்கு ஒன்று மாற்றி வழங்குகிறோம். இலக்கியத்தில் அது அழகு; இயற்பியலில் அது குழப்பம். வேலை செய்யும் இருப்பு ஆற்றல். அதன் அளவு ஜூல். அந்த ஆற்றல் எவ்வளவு விரைவாகச் செலவாகிறது என்பது திறன். அதன் அளவு வாட்.

ஒரு கிலோவாட் லேசர் ஒரு வினாடி எரிந்தால் 1,000 ஜூல் ஆற்றல் வெளிப்படும். ஒரே ஒரு ஜூல் ஆற்றலை ஒரு மைக்ரோவினாடியில் வெளியிடும் துடிப்பு லேசரின் திறனோ 10 லட்சம் வாட். முதலாவதன் ஆற்றல் ஆயிரம் மடங்கு. இரண்டாவதன் திறன் ஆயிரம் மடங்கு. எஃகை உருக்கி வெட்ட ஆற்றல் தொடர்ந்து வர வேண்டும். மேற்பரப்பை மட்டும் சட்டென ஆவியாக்க உச்சத்திறன் வேண்டும். இவ்விரண்டையும் ‘சக்திவாய்ந்த லேசர்’ என்று ஒரே அடைமொழியால் குறிக்கும் மாணவருக்கு, முதல் வழியும் இரண்டாம் வழியும் ஏன் பிரிந்தன என்பதே விளங்காது. நமக்குச் சொல் இல்லாமல் இல்லை. இருக்கும் சொற்களை வரையறுத்து ஆளும் பழக்கமே குறைவு.

ஆயுதக் கனவும் அதன் எல்லையும்

இத்துறைக்குப் பெரும்பொருளை வழங்கியவை படைத்துறைகள். 1983இல் அமெரிக்க வான்படையின் பறக்கும் ஆய்வுக்கூடம் ஒன்று, வாயு இயக்கவியல் லேசரால் சைட்வைண்டர் வகை ஏவுகணைகள் ஐந்தை வீழ்த்தியது. 1980இல் முதன்முதல் ஒளிர்ந்த டியூட்டீரியம் ஃபுளோரைடு லேசர் ஒன்று, பத்து லட்சம் வாட் தரத்தை எட்டியது. அதன் நீண்ட பெயரின் எழுத்துகளைச் சுருக்கி, ‘அற்புதம்’ என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொல் ஒலிக்கும்படி ‘மிராக்கிள்’ என அழைத்தனர். பெயரிலேயே நம்பிக்கையை ஏற்றிவைக்கும் உத்தி இது. மொழி மாணவர்கள் கவனிக்கத்தக்கது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவும் இஸ்ரேலும் இணைந்து உருவாக்கிய அதே வகை லேசர் கத்யூஷா ராக்கெட்டைச் சுட்டது. 2010 பிப்ரவரியில், போயிங் 747 விமானத்தில் பொருத்திய ஆக்சிஜன்–அயோடின் லேசர், மேலெழுந்து கொண்டிருந்த ஏவுகணை ஒன்றைக் கலிஃபோர்னியக் கரைக்கப்பால் அழித்தது.

அடுத்த ஆண்டு இறுதியிலேயே அத்திட்டம் கைவிடப்பட்டது. பயனுள்ள தொலைவில் நின்று சுட வேண்டுமானால் 20 முதல் 30 மடங்கு வலிமை வேண்டும் என்று அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சரே அதற்கு முன்பே கூறியிருந்தார். நச்சுத்தன்மையும் அரிக்கும் இயல்பும் கொண்ட வேதிப்பொருள்களை விமானத்தில் சுமந்து செல்ல வேண்டியிருந்தது. அவை தீர்ந்தால் லேசரும் ஓயும். கதிர் செல்லும் வழியிலுள்ள காற்று அக்கதிராலேயே சூடாகி, ஒரு வில்லைபோல மாறிக் கதிரை விரித்துவிடுவதும் உண்டு. வளியிலிருந்து பிறந்த ஒளிக்கு வளியே பகையாயிற்று. 2014இல் அமெரிக்கக் கடற்படை ஒரு கப்பலில் நிறுவிய லேசர் 30 கிலோவாட் மட்டுமே. ஆனால் அது மின்சாரத்தால் இயங்கும் கண்ணாடி இழை லேசர். உலோகம் வெட்டும் பட்டறைகளிலும் இன்று இழை லேசர்களே கார்பன் டை ஆக்சைடு லேசர்களின் இடத்தைப் பெரிதும் பிடித்துள்ளன.

வலிமை மட்டும் போதாது என்பதற்கு இன்னொரு சான்று, லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் 1980களில் இயங்கிய ‘அன்டாரீஸ்’. அணுக்கரு இணைவுக்காகக் கட்டப்பட்ட மாபெரும் கார்பன் டை ஆக்சைடு லேசர் அது. அதன் நீண்ட அலைநீளம் இலக்கை அழுத்திச் சுருக்குவதற்கு மாறாக, விரைந்தோடும் எலக்ட்ரான்களையே பெருக்கியது. ஆற்றல் போதிய அளவு இருந்தும் அலைநீளம் பொருந்தவில்லை. அத்திட்டம் நிறுத்தப்பட்டது.

ஆயினும் இம்முயற்சிகள் வீணாகவில்லை. காற்றின் கலக்கத்துக்கேற்ப வடிவம் மாறும் கண்ணாடிகளைப் பற்றிய இராணுவ ஆய்வின் பெரும்பகுதி 1991இல் வெளியிடப்பட்டது. இன்று பெரிய தொலைநோக்கிகள் விண்மீன்களைத் தெளிவாகக் காண்பதற்கு அந்நுட்பமும் துணை நிற்கிறது.

மென்மையாகச் செதுக்கும் ஒளி

1970இல் மாஸ்கோவில் பாசோவ், டனிலிச்சேவ், போபோவ் ஆகியோர் செனானைக் கொண்டு புற ஊதா ஒளி தரும் ‘எக்சைமர்’ லேசரை உருவாக்கினர். ‘கிளர்வுற்ற இருமம்’ என்று பொருள்படும் இரு சொற்களின் ஒட்டு அது. கிளர்வுற்ற நிலையில் மட்டுமே இரண்டு அணுக்கள் சேர்ந்திருக்கும். ஒளியை உமிழ்ந்ததும் பிரிந்துவிடும். கீழ்நிலை என்று ஒன்று நிலைத்திராததால், மேல்நிலை மிகுதி தானாகவே அமைந்துவிடுகிறது. பின்வந்த ஆர்கான் ஃபுளோரைடு போன்றவற்றில் இரு வேறு அணுக்கள் சேர்வதால், கண்டிப்பாகப் பார்த்தால் அவற்றுக்கு இப்பெயர் பொருந்தாது. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. ஆங்கிலக் கலைச்சொற்கள் அனைத்தும் துல்லியமானவை, தமிழ்ச் சொற்களே தெளிவற்றவை என்று எண்ணுவோர் இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

இக்கட்டத்தில் ஒரு தமிழ்நாட்டுத் தொடர்பு உண்டு. சென்னையில் 1929இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்ற ரங்கசாமி சீனிவாசன், நியூயார்க் மாநிலத்து ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். 1981 நவம்பரில், அமெரிக்கர்களின் நன்றியறிதல் விருந்தில் எஞ்சிய வான்கோழித் துண்டை எடுத்துவந்து, 193 நானோமீட்டர் அலைநீள எக்சைமர் ஒளியை அதன்மீது பாய்ச்சினார். சுற்றுப்புறம் கருகாமல், ஒளி பட்ட இடம் மட்டும் துல்லியமாக அகன்றது. ஜேம்ஸ் வைன், சாமுவேல் பிளம் ஆகியோருடன் அவர் செய்த இவ்வாய்வே இன்றைய லேசர் கண் அறுவைக்கு அடிப்படை. தாம் கண்டதைக் குறிக்க ஏற்ற சொல் இல்லாததால், ஒளியால் சிதைத்து அகற்றுதல் என்று பொருள்தரும் ஒரு தொடரையும் அவரே ஆக்கினார். பொருளைக் கண்டவரே பெயரும் வைத்தார்.

அதே புற ஊதா வாயு லேசர்கள் கணினிச் சில்லுகளில் நுண்கோடுகளை வரையவும் பயன்படுகின்றன. சிங்கப்பூரில் சிலிக்கன் தகடுகளைப் பதப்படுத்தும் ஆலைகள் இருப்பதை நாம் அறிவோம். அத்தொழிலின் தூரிகையே இவ்வொளிதான். உலகின் மிக நுண்ணிய சில்லுகளை அச்சிடும் இயந்திரங்களில், படேல் கண்ட கார்பன் டை ஆக்சைடு லேசரே வினாடிக்கு ஏறத்தாழ 50,000 வெள்ளீயத் துளிகளைத் தாக்கி, 13.5 நானோமீட்டர் ஒளியை எழுப்புகிறது. போர்க்களத்தில் நிலைபெறாத வாயு லேசர், தொழிற்கூடத்தில் நிலைபெற்றுவிட்டது.

வகுப்பறைக்குச் சில சொற்கள்

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் அறிவியலைத் தமிழில் கற்பிக்கும் மரபு உண்டு. சிங்கப்பூரிலோ தமிழ் ஒரு மொழிப்பாடம்; அறிவியல் ஆங்கிலத்தில். இரு நாட்டிலும் உயர்நிலைக்குச் செல்லும் மாணவர், தாம் அறிந்த அறிவியலைத் தமிழில் பேசும் வாய்ப்பைப் படிப்படியாக இழக்கிறார். வீட்டிலும் விழாவிலும் மட்டும் பேசும் மொழி, நாளடைவில் வீட்டுக்கும் விழாவுக்கும் மட்டுமே உரியதாகிவிடும். மொழிகள் தேய்வது பெரும்பாலும் இவ்வாறுதான். ஒரே நாளில் எவரும் கைவிடுவதில்லை. ஒவ்வொரு களமாக விட்டுக்கொடுக்கிறோம்.

ஆகவே ஆசிரியர்களுக்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். முதலாவது, சொல்லைக் கொடுக்கும் முன் பொருளை விளக்கச் சொல்லுங்கள். நைட்ரஜன் ஏன் ஆற்றலைக் காத்து வைக்கிறது என்று ஐந்து தமிழ் வாக்கியங்களில் கூறும் மாணவர், ஐம்பது கலைச்சொற்களை மனப்பாடம் செய்தவரைவிட முன்னேறியவர். இரண்டாவது, லேசரா சீரொளியா என்னும் வழக்கில் வகுப்பு நேரத்தைக் கரைக்காதீர்கள். இரண்டையும் அறிமுகப்படுத்தி, ஒன்றைத் தொடர்ந்து ஆளுங்கள். மூன்றாவது, ஆற்றல்–திறன் போல வேறுபாடு பொருளையே மாற்றும் இடங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். பெயரில் தாராளமும் வரையறையில் கண்டிப்பும் வேண்டும்.

மாணவர்களே, இவ்வுரையில் நீங்கள் கேட்ட விளக்கங்களில் பெரும்பாலானவை ஓடுதல், குளிர்தல், மோதுதல், ஏறுதல், இறங்குதல், தங்குதல் போன்ற எளிய வினைச்சொற்களால் ஆனவை. அவற்றைப் புதிதாக ஆக்க வேண்டியதில்லை; உங்கள் பாட்டியும் அறிந்தவையே அவை. இன்றிரவு வீட்டில் யாரேனும் ஒருவருக்கு, அரங்கின் மேல்மாடத்தார் உவமையைக் கொண்டு வாயு லேசரைத் தமிழில் விளக்கிப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறீர்களோ, அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு நாளை உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். அறிவியல் தமிழ் வளர வேண்டிய இடம் அதுவே.